ஸ்குவாட்: எவ்வளவு எடை, எந்த ராடு, என்னென்ன சாதனம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜிம்மில் புதிதாகச் சேர்ந்தவர்களும் சரி, ஐந்தாறு வருஷமாக வருபவர்களும் சரி, ஸ்குவாட், அதாவது எடை மாட்டிய இரும்புக் கம்பியை (ராடு) தோளில் வைத்து உட்கார்ந்து எழும் பயிற்சி, என்றதும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய இதே சந்தேகங்களைத்தான். ரேக் பக்கத்தில் நின்றுகொண்டு அவசரமாகப் பாதிப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்தால் நிதானமாகப் படித்துவிட்டு வரலாம். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். முதுகு, முட்டி, இதயம் தொடர்பாகச் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகு இதைப் படியுங்கள்.

மாஸ்டர், நான் புதுசு. முதல் நாளே ராடு எடுக்கலாமா?

வேண்டாம். முதலில் எடை இல்லாமல் உட்கார்ந்து எழுந்து பாருங்கள். குதிகால் தரையை விட்டு எழும்பாமல், முட்டி உள்பக்கம் சாயாமல், நிதானமாக 15 முறை வந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். வரவில்லை என்றால் பின்னால் ஒரு பெஞ்ச் போட்டு, அதில் லேசாகத் தொட்டு எழுந்து பழகுங்கள்.

அடுத்தது ஒரு டம்பெல்லை நெஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு செய்யும் காப்லெட் ஸ்குவாட். 6 அல்லது 8 கிலோவில் தொடங்கலாம். எடை முன்னால் இருப்பதால் உடம்பு தானாகவே நிமிர்ந்து நிற்கும். யாரும் சொல்லித் தராமலே பாதி சரியாகிவிடும். 16 கிலோ டம்பெல்லில் 10 ரெப், அதாவது 10 முறை உட்கார்ந்து எழுவது, சுத்தமாக வந்துவிட்டால் ராடுக்கு வரலாம். சிலருக்கு இது ஒரு வாரத்தில் வரும், சிலருக்கு இரண்டு மாதம் ஆகும். இரண்டுமே சரிதான்.

நான் பஸ்கி நூறு, நூத்தம்பது எடுப்பேன். அதுவும் ஸ்குவாட்தானே?

நல்ல பயிற்சி, அதை விட வேண்டாம். ஆனால் வேலை வேறு. பஸ்கியில் குதிகால் எழும்பும், கை வீச்சு சேரும், வேகமும் உண்டு. தொடைக்கும் மூச்சுக்கும் தாக்குப்பிடிக்கும் சக்தி வரும். ராடு ஸ்குவாட்டில் பாதம் முழுக்கத் தரையில் பதிந்திருக்க வேண்டும். தோளில் இருக்கும் எடையை முதுகு வளையாமல் தாங்க வேண்டும். பஸ்கி எடுத்தவர்களுக்கு முட்டி நன்றாக மடங்கும். முதுகுக்குத்தான் இது புதிது. அதனால் எடை விஷயத்தில் மற்றவர்களைப் போலவே வெறும் ராடிலிருந்து தொடங்குங்கள்.

எவ்வளவு கீழே போகணும்? பாதி போனா போதாதா?

பவர்லிஃப்டிங் போட்டி விதிப்படி, தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பு முட்டியின் மேல்பகுதியைவிடக் கீழே போக வேண்டும். போட்டிக்குப் போகாதவர்களுக்கும் அதை ஓர் அளவாகச் சொல்கிறேன். காரணம், எல்லா நாளும் ஒரே ஆழம் போனால்தான் எடை உண்மையில் கூடியதா என்று தெரியும். போன மாதம் 60 கிலோவில் முழுக்க உட்கார்ந்தவர் இந்த மாதம் 80 கிலோவில் கால்வாசிதான் உட்காருகிறார் என்றால் அதை வளர்ச்சி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கீழே போகும்போது இடுப்பு உள்பக்கம் சுருண்டு முதுகு வளைகிறதா? அது தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்துங்கள். ஆழத்தைச் சில வாரங்களில் மெல்ல மெல்லக் கூட்டிக்கொள்ளலாம்.

வெறும் ராடு எத்தனை கிலோ? ஒருத்தர் 20ங்கறார், ஒருத்தர் 10ங்கறார்.

இரண்டு பேரும் சரியாக இருக்கலாம். ஒலிம்பிக் ராடு என்பது 2.2 மீட்டர் நீளம், 20 கிலோ. பிளேட் மாட்டும் இரண்டு முனைகளும் 50 மி.மீ. தடிமனாக, தனியாகச் சுழலும்படி இருக்கும். பெண்கள் பளுதூக்குதலுக்கான ராடு 2.01 மீட்டர், 15 கிலோ. பிடிக்கும் இடம் 25 மி.மீ. என்பதால் கைக்கு ஒல்லியாகத் தெரியும். ஆண்களுடையது 28 மி.மீ.

நம் ஊர் ஜிம்களில் பழைய மாதிரி ராடும் நிறைய உண்டு. முனையிலிருந்து முனை வரை ஒரே தடிமன். 4 அடி, 5 அடி, 6 அடி, 7 அடி என்று நீளத்தை வைத்துத்தான் பெயர். 28 மி.மீ. திட இரும்பு ராடு மீட்டருக்கு 4.8 கிலோ வரும். அப்படியானால் 5 அடி ராடு சுமார் 7.4 கிலோ, 6 அடி சுமார் 8.8, 7 அடி 10 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். தடிமன் 25 மி.மீ. என்றால் இதில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். உள்ளே குழாயாக இருந்தால் இன்னும் குறையும்.

சந்தேகம் வேண்டாம் என்றால் உடல் எடை பார்க்கும் மெஷினில் ராடோடு ஏறி நில்லுங்கள், அப்புறம் ராடு இல்லாமல் நில்லுங்கள். வித்தியாசம்தான் ராடின் எடை. ஒரு நிமிஷ வேலை. இதைச் செய்தவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தம்தான்.

மொத்த எடையை எப்படிக் கணக்குப் போடறது? ராடைச் சேர்க்கணுமா?

கட்டாயம் சேர்க்க வேண்டும். 20 கிலோ ராடில் பக்கத்துக்கு ஒரு 20 கிலோ பிளேட் என்றால் மொத்தம் 60. அதே பிளேட்டுகளை 5 அடி ராடில் மாட்டினால் 47 கிலோ சொச்சம்தான்.

பிளேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். சில ஜிம்களில் பவுண்டு பிளேட்டும் கலந்து கிடக்கும். 45 பவுண்டு என்பது 20.4 கிலோ, 10 பவுண்டு என்பது நாலரை கிலோ. ஒரு பக்கம் 10 கிலோ, மறுபக்கம் 10 பவுண்டு மாட்டிவிட்டு இடுப்பு சாய்கிறது என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. போட்டிப் பிளேட்டுகளில் நிறமே அடையாளம்: 25 சிவப்பு, 20 நீலம், 15 மஞ்சள், 10 பச்சை. ஆனால் சாதாரண ஜிம் பிளேட்டில் நிறத்தை நம்ப வேண்டாம், எழுத்தைப் படியுங்கள்.

எனக்கு எவ்வளவு எடை சரின்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

இதுதான் முக்கியமான கேள்வி. எந்த அட்டவணையும் இதற்கு விடை சொல்லாது. உங்கள் ரெப்தான் சொல்லும். வெறும் ராடில் 5 ரெப் செய்யுங்கள். சுலபமாக இருந்தால் 5 கிலோ அல்லது 10 கிலோ கூட்டி இன்னொரு 5. இப்படியே போங்கள். நிறுத்தாமல் தொடர்ந்து செய்யும் ரெப்புகள் சேர்ந்ததுதான் ஒரு செட். ஒவ்வொரு செட்டிலும் கடைசி இரண்டு ரெப்பை யாராவது பக்கவாட்டிலிருந்து பார்க்கட்டும், அல்லது போனில் வீடியோ எடுங்கள்.

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். எழும்போது இடுப்பு முதலில் மேலே வந்து நெஞ்சு பின்தங்குகிறதா? முட்டி உள்பக்கம் ஒடுங்குகிறதா? குதிகால் எழும்புகிறதா? இதில் ஒன்று தெரிந்தாலும், அதற்கு முந்தைய எடைதான் இப்போதைக்கு உங்களுடையது. எதுவுமே தெரியவில்லை, ஆனால் கடைசி ரெப் முதல் ரெப்பைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி மெதுவாக எழுகிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். செட் முடிந்த பிறகு "இன்னும் இரண்டு வந்திருக்கும்" என்று நேர்மையாகச் சொல்ல முடிகிற எடை, தினசரிப் பயிற்சிக்குச் சரியான எடை. அதில் 5 முதல் 8 ரெப் வரை, மூன்று செட் போதும்.

புதியவர்கள் "இன்னும் இரண்டு வரும்" என்று நினைக்கும்போது பெரும்பாலும் நாலைந்து மிச்சமிருக்கும். அது கெட்டதில்லை. அந்த இடைவெளியில்தான் உடம்பு பழகுகிறது.

எடையை எப்போ, எவ்வளவு ஏத்தணும்?

தொடக்கத்தில் வாரத்துக்கு 2.5 கிலோ, அதாவது பக்கத்துக்கு ஒரு 1.25 கிலோ பிளேட். மேலே சொன்ன மூன்று தவறும் இல்லாமல் எல்லாச் செட்டும் முடிந்தால் மட்டுமே ஏற்றுங்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 100 கிலோ தூக்குபவருக்கு 2.5 கிலோ என்பது இரண்டரை சதவீதம். 30 கிலோ தூக்குபவருக்கு அது எட்டு சதவீதத்துக்கும் மேல். குறைந்த எடையில் இருப்பவர்கள், குறிப்பாகப் பெண்களும் வயதானவர்களும், முதலில் ரெப்பைக் கூட்டுங்கள்: 5 ரெப் 6 ஆகட்டும், அப்புறம் 8 ஆகட்டும். பிறகு எடையை ஏற்றி மறுபடி 5-க்கு வாருங்கள். 0.5 கிலோ பிளேட்டும் கடையில் கிடைக்கிறது; சொந்தமாக ஒரு ஜோடி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டால் நல்லது.

வார்ம்-அப்புக்கு டிரெட்மில்ல பத்து நிமிஷம் நடந்தா போதுமா?

உடம்பு சூடாகும், ஆனால் எடைக்குத் தயாராகாது. அன்றைய எடை 80 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் ராடில் 10 ரெப், 40-ல் 5, 60-ல் 3, 70-ல் 1 அல்லது 2, பிறகு 80. எடை கூடக் கூட ரெப் குறைய வேண்டும். வார்ம்-அப்பிலேயே களைத்துவிடக் கூடாது. அன்றைய எடையே 30 கிலோதான் என்றால் வெறும் ராடில் இரண்டு செட் போதும்.

என் உடல் எடைக்கு இவ்வளவு தூக்கணும்னு கணக்கு இருக்கா? ரீல்ஸ்ல ஒன்றரை மடங்குன்னு சொல்றாங்க.

அப்படி எல்லோருக்கும் பொருந்தும் கணக்கு கிடையாது. தொடை எலும்பின் நீளம், வயது, எத்தனை வருஷப் பயிற்சி, நைட் ஷிப்டா, என்ன சாப்பிடுகிறார், எல்லாமே இதில் சேரும். தொடை நீளமாக உள்ளவர் உட்காரும்போது உடம்பு அதிகம் முன்னால் சாயும். அதே எடை அவருக்குக் கடினமாக இருக்கும். போன மாதத்து உங்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். அதற்கு ஒரு நோட்டு வேண்டும்: தேதி, எந்த ராடு, எடை, ரெப். நான்கு விஷயம் போதும்.

ஸ்குவாட் ரேக், பவர் ரேக், ஸ்மித் மெஷின். மூணுல எது நல்லது?

பவர் ரேக் என்றால் நான்கு தூண் உள்ள கூண்டு. நீங்கள் உள்ளே நிற்பீர்கள், இரண்டு பக்கமும் பாதுகாப்புக் கம்பி இருக்கும். தனியாகப் பயிற்சி செய்பவர்களுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. ஸ்குவாட் ரேக்கில் இரண்டு தூண். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாதுகாப்புக் கை இருந்தால் அதுவும் நல்லதுதான்.

ஸ்மித் மெஷினில் ராடு தண்டவாளத்தில் ஓடும். சமநிலையைத் தண்டவாளமே பார்த்துக்கொள்வதால் தொடைக்கு மட்டும் வேலை கொடுக்க நினைப்பவர்களுக்கு உதவும். ஆனால் அதில் பழகியது அப்படியே வெளி ராடுக்கு வராது. எடைக் கணக்கும் வேறு: சில மெஷின்களில் எதிர் எடை தொங்கும், அப்போது ராடு 10 கிலோகூட இருக்காது, எதிர் எடை இல்லாத சிலவற்றில் 20 கிலோவைத் தொடும். ஸ்மித்தில் 80 செய்கிறேன், அதனால் வெளியிலும் 80 என்று போய் நிற்க வேண்டாம். வெளி ராடுக்கு மாறும்போது மறுபடி வெறும் ராடிலிருந்து தொடங்குங்கள்.

அந்தப் பாதுகாப்புக் கம்பியை எந்த உயரத்துல வைக்கணும்?

இதைக் கேட்பவர்கள் குறைவு. எல்லோரும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வெறும் ராடோடு உங்கள் முழு ஆழத்துக்குப் போய் அப்படியே இருங்கள். அந்த நிலையில் ராடுக்கும் கம்பிக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் சரி. அதிகம் மேலே இருந்தால் ஒவ்வொரு ரெப்பிலும் ராடு இடிக்கும். அதிகம் கீழே இருந்தால் அது இருந்தும் பயனில்லை. சரியான இடம் இரண்டு ஓட்டைகளுக்கு நடுவில் வந்தால் கீழ் ஓட்டையில் வையுங்கள். அப்புறம் அடியில் இருந்தபடியே நெஞ்சைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துப் பாருங்கள், ராடு கம்பியில் உட்கார வேண்டும். எழ முடியாத நாளில் நீங்கள் செய்யப் போவது அதைத்தான். வெறும் ராடிலேயே அதை ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

ரேக்கில் ராடைத் தாங்கும் கொக்கியின் உயரமும் முக்கியம். ராடு உங்கள் நெஞ்சின் நடுப்பகுதிக்கு நேராக இருக்கட்டும். முட்டியைக் கொஞ்சம் மடக்கி, கீழே நுழைந்து, நிமிர்ந்தாலே ராடு கொக்கியிலிருந்து விடுபட வேண்டும். நுனிக்காலில் நின்று எடுக்க வேண்டியிருந்தால், களைத்த கால்களோடு திரும்ப வைக்கும்போது ஒரு பக்கம் கொக்கியில் ஏறும், மறுபக்கம் தவறும். எடுத்த பிறகு இரண்டு மூன்று காலடி மட்டும் பின்னால் வாருங்கள்.

எங்க ஜிம்ல ரேக்கே இல்லை. தனித்தனியா ரெண்டு ஸ்டாண்டுதான். என்ன பண்றது?

எடையைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ரெப்புக்குப் பிறகும் மூன்று நான்கு மிச்சம் இருக்கிற எடைதான் அங்கே உங்கள் உச்சம். இரண்டு ஸ்டாண்டும் ஒரே உயரமா, ஒரே கோட்டில் நிற்கிறதா, தரையில் ஆடுகிறதா என்று ஒவ்வொரு முறையும் தொட்டுப் பாருங்கள். துணைக்கு ஆள் நின்றால் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு முனை, இருவரும் ஒன்றாகத் தூக்க வேண்டும். ஒருவர் மட்டும் என்றால் பின்னால் நின்று உங்கள் நெஞ்சைச் சுற்றிக் கைகொடுத்து எழுப்ப வேண்டும். அவர் ராடை மட்டும் பிடித்து இழுத்தால் உங்கள் சமநிலை போய்விடும்.

கால் பலம் கூட வேண்டும், ஆனால் எடை ஏற்ற வழியில்லை என்றால் இரண்டு கையிலும் டம்பெல் பிடித்து, பின்காலை பெஞ்சில் வைத்துச் செய்யும் ஒற்றைக்கால் ஸ்குவாட் எடுங்கள். முடியவில்லை என்றால் டம்பெல்லைக் கீழே விட்டுவிடலாம்.

லாக் போடணுமா? யாருமே போடறதில்லையே.

போடுங்கள். பிளேட் நகராமல் ராடின் முனையில் மாட்டுவதுதான் லாக். பின்னால் நடக்கும்போது பிளேட் அரை அங்குலம் நகர்ந்தாலே ராடு ஒரு பக்கம் இழுக்கும். ஸ்பிரிங் லாக் போதும். போட்டியில் போடும் லாக் ஒன்று 2.5 கிலோ, அதைப் போட்டால் மொத்தத்தில் 5 கிலோ சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கழற்றும்போது இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கழற்ற வேண்டும். கனமான ஒலிம்பிக் ராடு, அகலமான ரேக் என்றால் ஒரு பிளேட் வித்தியாசத்தைத் தாங்கும். லேசான பழைய ராடு, குறுகிய ஸ்டாண்ட் என்றால் ஒரு பக்கம் மட்டும் மிச்சமிருக்கும் 15 கிலோ பிளேட் ஒன்றே கவிழ்த்துவிடலாம். மறுமுனை மேலே பறக்கும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க நேரம் இருக்காது.

கழுத்துல ராடு குத்துது. ஸ்பாஞ்ச் சுத்திக்கலாமா?

குத்துகிறது என்றால் ராடு தவறான இடத்தில் இருக்கிறது. தலையைக் குனிந்தால் பிடரியின் அடியில் ஓர் எலும்பு துருத்தும், அதன்மேல் ராடு படவே கூடாது. இரண்டு கையாலும் ராடைப் பிடித்து, முழங்கையைக் கீழ்நோக்கி இழுத்து, தோள்பட்டை எலும்புகளை ஒன்றோடொன்று நெருக்குங்கள். அப்போது கழுத்துக்குக் கீழே சதை மேடு ஒன்று திரளும். ராடு உட்கார வேண்டிய இடம் அதுதான். இன்னும் கொஞ்சம் கீழே, பின் தோளின்மேல் வைப்பவர்களும் உண்டு. அதில் உடம்பு அதிகம் முன்னால் சாயும், இடுப்புக்கு வேலை கூடும்.

ஸ்பாஞ்ச் போட்டால் ராடு உயரமாக உட்காரும், உருளும், சொரசொரப்பான பகுதி பனியனைப் பிடிக்காது. வெறும் ராடு பழகும் வாரங்களில் வேண்டுமானால் போடுங்கள். எடை ஏறும்போது எடுத்துவிடுங்கள்.

எந்த ஷூ வாங்கலாம்? ரன்னிங் ஷூ போதுமா?

ரன்னிங் ஷூவின் அடிப்பாகம் மெத்தையாக அமுங்கும். எடையோடு உட்காரும்போது குதிகால் ஆடும். தட்டையான, கெட்டியான அடிப்பாகம் உள்ள கேன்வாஸ் ஷூ போதும், விலையும் குறைவு. பளுதூக்கும் வீரர்கள் அணியும் ஷூவில் குதிகால் சுமார் 19 மி.மீ. உயரமாக, அமுங்காத பொருளில் இருக்கும். வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வாங்கிய விளையாட்டு அதுதான். அங்கே எடையை ஏந்தி ஆழமாக உட்கார்ந்து நிமிர்ந்தே எழ வேண்டும் என்பதால் அந்த ஷூ தேவைப்படுகிறது.

கணுக்கால் போதுமான அளவு மடங்காதவர்களுக்கு அது உண்மையில் உதவும். வாங்குவதற்கு முன் குதிகாலுக்கு அடியில் இரண்டு சின்னப் பிளேட் வைத்து, எடை இல்லாமல் உட்கார்ந்து பாருங்கள். சட்டென்று ஆழம் கூடினால் அந்த ஷூ உங்களுக்குப் பயன்படும். வித்தியாசமே இல்லை என்றால் பணத்தை மிச்சப்படுத்துங்கள். பிளேட் மேல் நின்று கனமான எடை செய்ய வேண்டாம், சறுக்கும்.

பெல்ட் எப்போ போடணும்? முதுகைக் காப்பாத்துமா?

பெல்ட் முதுகைத் தூக்கிப் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படி வேலை செய்வதில்லை. நீங்கள் மூச்சை வயிறு வரை இழுத்து, வயிற்றைச் சுற்றிலும் வெளியே தள்ளும்போது, தள்ளுவதற்கு ஒரு சுவராகப் பெல்ட் நிற்கிறது. உள்ளே அழுத்தம் கூடி முதுகெலும்பு கெட்டியாக நிற்கும். மூச்சுப் பிடிக்கத் தெரியாதவருக்குப் பெல்ட் வெறும் தோல் பட்டைதான். அதனால் முதல் சில மாதங்கள் பெல்ட் இல்லாமல் மூச்சுப் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகும் கனமான கடைசிச் செட்டுகளுக்கு மட்டும் போடுங்கள்.

வாங்குவதாக இருந்தால் முன்னும் பின்னும் ஒரே அகலத்தில், 10 செ.மீ. அகலம், 10 மி.மீ. தடிமனில் தோல் பெல்ட் பாருங்கள். போட்டி விதி 13 மி.மீ. வரை அனுமதிக்கிறது, ஆனால் அது இடுப்பெலும்பில் பலமாக அழுத்தும். முதுகுப் பக்கம் அகலமாகவும் வயிற்றுப் பக்கம் ஒல்லியாகவும் உள்ள பெல்ட்தான் கடைகளில் அதிகம். வயிறு தள்ளுவதற்கு அதில் இடம் குறைவு. ஒரு விரல் நுழையும் அளவுக்கு இறுக்குங்கள், செட் முடிந்ததும் தளர்த்திவிடுங்கள்.

முட்டிக்கு ஸ்லீவ் போட்டா வலி வராதா?

7 மி.மீ. நியோப்ரின் ஸ்லீவ் முட்டியைச் சூடாக வைக்கும், இறுக்கமாகப் பிடிப்பதால் தைரியம் கொடுக்கும். பிடித்திருந்தால் போடுங்கள். வலியைக் குணப்படுத்தாது. நீளமாகச் சுற்றும் முட்டிப் பட்டை வேறு விஷயம்: அது ரப்பர் போல விசையைச் சேமித்து எழும்போது தள்ளிவிடும். அதைப் போட்டுத் தூக்கிய எடையை நோட்டில் தனியாக எழுதுங்கள். வலி இருக்கும்போது அதைச் சுற்றிக்கொண்டு எடை ஏற்றாதீர்கள்.

முட்டி கால் விரலைத் தாண்டக் கூடாதுன்னு சொல்றாங்களே?

பாதம் முழுக்கத் தரையில் இருக்கும்வரை தாண்டலாம். 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் முட்டிக்கு முன்னால் பலகை வைத்து அது விரலைத் தாண்டாமல் தடுத்து, ராடோடு உட்காரச் சொல்லிப் பார்த்தார்கள். முட்டிமேல் வரும் திருகு விசை சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இடுப்பு மூட்டில் அது பத்து மடங்குக்கும் மேல் கூடியது. முட்டிக்குக் குறைத்ததை இடுப்பும் கீழ்முதுகும் வாங்கிக்கொள்கின்றன. முட்டியில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவர் வேறு மாதிரிச் சொன்னால் அதைக் கேளுங்கள்.

லெக் பிரஸ்ல 200 போடறேன், ஸ்குவாட்ல 60தான் வருது. ஏன்?

சாதாரண லெக் பிரஸ் 45 டிகிரி சாய்வில் இருக்கும். அந்தச் சாய்வில் 200 கிலோவுக்கு நீங்கள் தள்ளுவது சுமார் 141 கிலோ. தள்ளும் பலகையின் எடை தனி. ஸ்குவாட்டில் ராடோடு உங்கள் உடம்பையும் தூக்குகிறீர்கள். 75 கிலோ ஆள் என்றால், முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி போக ஏறக்குறைய 65 கிலோ. ராடையும் சேர்த்தால் 125. முதுகைச் சாய்த்துப் படுக்க அங்கே பலகை இல்லை, சமநிலையும் நீங்களே பார்க்க வேண்டும். ஆக, வித்தியாசம் நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பெரியதில்லை.

அக்கா ஒருத்தங்க கேட்டது: பெண்கள் கனமா செஞ்சா தொடை ரொம்பப் பெருத்துடுமா? ஸ்மித் மெஷின்தான் எங்களுக்குப் பாதுகாப்பா?

மீராபாய் சானு டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் 115 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி வெள்ளி வாங்கினார். அந்த எடையோடு அடியில் உட்கார்ந்து எழுந்த பிறகுதான் தலைக்கு மேல் போனது. இத்தனை வருஷம் கனமாகப் பயிற்சி செய்தவர், அந்தப் போட்டிக்கு உடல் எடையை 49-க்குள்தான் வைத்திருந்தார். தசை அவ்வளவு சுலபமாக வளர்ந்துவிடாது. அதற்குச் சாப்பாடும் வருஷக்கணக்கில் உழைப்பும் வேண்டும்.

எடை தேர்ந்தெடுக்கும் முறை எல்லோருக்கும் ஒன்றுதான். 15 கிலோ ராடு இருந்தால் கேட்டு வாங்குங்கள். பெண்கள் வந்தாலே ஸ்மித் பக்கம் அனுப்பிவிடும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. கம்பியைச் சரியாக வைத்த பவர் ரேக்தான் உங்களுக்கும் பாதுகாப்பு.

எனக்கு 52 வயசு, பிபி மாத்திரை எடுக்கறேன். செய்யலாமா சார்?

முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். மூச்சை அடக்கி எடை தூக்கும்போது இரத்த அழுத்தம் அந்த நொடிகளில் வெகுவாக ஏறும் என்பதால் சொல்கிறேன். அவர் சரி என்றால் காப்லெட் ஸ்குவாட், குறைந்த எடை, 10 ரெப் அளவில், மூச்சை அடக்காமல்: இறங்கும்போது இழுங்கள், எழும்போது விடுங்கள். பெல்ட் வேண்டாம். தலை சுற்றினாலோ நெஞ்சு இறுகினாலோ அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இந்த வயதில் கால் பலம் தரும் பயன் பெரியது. தரையில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது, படியேறுவது எல்லாம் இதே அசைவுதான்.

என் மேக்ஸ் எவ்வளவுன்னு பார்க்கணும். ஒரே ரெப் போட்டுப் பார்க்கலாமா?

மேக்ஸ் என்பது ஒரே ஒரு ரெப் மட்டும் வரக்கூடிய உச்ச எடை. போட்டிக்குப் போகவில்லை என்றால் தேவையே இல்லை. கணக்குப் போட்டே தெரிந்துகொள்ளலாம்: ரெப் எண்ணிக்கையை 30-ஆல் வகுத்து, அதோடு 1 கூட்டி, எடையால் பெருக்குங்கள். 80 கிலோவில் 5 ரெப் என்றால் சுமார் 93 கிலோ. 10 ரெப்புக்கு மேல் போனால் இந்தக் கணக்கு நம்பும்படி இருக்காது. கட்டாயம் சோதிக்கத்தான் வேண்டும் என்றால், பாதுகாப்புக் கம்பி உள்ள ரேக்கில் மட்டும்.

100 கிலோவுல நின்னுட்டேன். ரெண்டு மாசமா ஏறவே மாட்டேங்குது.

முதலில் வீடியோ எடுத்து ஆழத்தைப் பாருங்கள். பலருக்கு 90-ல் இருந்த ஆழம் 100-ல் இருப்பதில்லை. அப்படியானால் உங்கள் உண்மையான எடை 90, அங்கிருந்து தொடங்கலாம். ஆழம் சரி என்றால் தூக்கத்தையும் சாப்பாட்டையும் பாருங்கள். ராத்திரி ஐந்து மணி நேரம் தூங்குபவருக்கு எந்த அட்டவணையும் உதவாது.

அதுவும் சரி என்றால் ஒரு வாரம் எடையைப் பாதியாக்குங்கள். பிறகு 85-ல் 8 ரெப் செட்டுகளாகச் சில வாரம் செய்து, மெல்ல மேலே வாருங்கள். இந்தக் கட்டத்தில் வாரத்துக்கு 2.5 கிலோ என்பது அதிகம். பக்கத்துக்கு அந்த 0.5 கிலோ பிளேட்டைப் பயன்படுத்துங்கள்.

வேற ஜிம்முக்கு மாறினேன். அதே எடைதான், ஆனா ரொம்ப கனமா இருக்கு. பலம் குறைஞ்சுடுச்சா?

முதலில் ராடை எடை பாருங்கள், மேலே சொன்ன மெஷின் முறைதான். முன்பு 5 அடி ராடை 20 கிலோ என்று எண்ணியிருந்தால், உங்கள் 60 கிலோ உண்மையில் 47 கிலோவாக இருந்திருக்கும். பிளேட் கிலோவா பவுண்டா என்று பாருங்கள். மலிவான வார்ப்பிரும்புப் பிளேட்டில் எழுதியிருப்பதும் உண்மை எடையும் முழுக்க ஒத்துப்போகாது. அதையும் மெஷினில் வைத்துப் பார்த்துவிடலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் கனமாகத் தெரிந்தால் கொக்கி உயரம், ராடின் தடிமன், எதிரே கண்ணாடி இல்லாதது, தரை விரிப்பு மெத்தையாக இருப்பது என்று சின்னச் சின்னக் காரணங்கள் இருக்கும். மெத்தையான விரிப்பு என்றால் கெட்டியான தரை உள்ள ரேக்குக்கு மாறுங்கள். முதல் இரண்டு வாரம் பழைய எடையிலிருந்து 10 கிலோ குறைத்துச் செய்யுங்கள். நோட்டில் புது ஜிம்முக்குப் புதுப் பக்கம் போடுங்கள்.